முப்பத்தேழாம் பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாகவும் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள் என்றும் அம்மா சொன்னாள், மூட வேண்டாம் என்று சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான், மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், இறங்கும்போது திட்டுவதில்லை, அதனால் இறங்கும்போது வலி இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஒன்பது நாளாகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ சமாதானம் சொல்வாய், நான் உடனே சரிம்மா என்று சொல்லிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இதற்கு முன் இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது.

ஐந்து மாதத்துக்கு முன்பு நீ சொன்னதை அன்றே டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். "அப்பா, கம்பெனியில நீங்களும் லென்ஸ் மாமாவும் ரெண்டே பேரு, மைக்ராஸ்கோப்பையும் தராசையும் காலேஜ் லேபுக்கும் ஆஸ்பத்திரி லேபுக்கும் போய்த்தான் ரிப்பேர் பண்றாரு, அதுக்கு எதுக்குப்பா ஒரு ரூமு, விர்ச்சுவல் ஆபீஸ் எடுத்துக்கலாம், நாலு இடம் அனுப்புறேன், நீங்களே பாத்து ஒண்ண முடிவு பண்ணுங்க, உங்கள மாதிரி யாரால பாக்க முடியும்" என்றாய். கடைசி வார்த்தைகளுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். எனக்கு அந்த அறையை விட மனமில்லை, இருந்தாலும் நீ கேட்டாய் என்பதற்காகத் தொடங்கினேன். அலுவலகம் இல்லாமலே அலுவலகம் வைத்துக்கொள்வது எப்படி என்று புரிவதற்கே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. முகவரியை அவர்கள் கொடுக்கிறார்கள், அங்கே வரும் கடிதத்தைத் திறந்து படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறார்கள், நம் பெயரைச் சொல்லி யாரோ ஒரு பெண் போன் எடுக்கிறாள், ஆளைச் சந்திக்க வேண்டுமென்றால் மணிக்கணக்கில் ஓர் அறை தருகிறார்கள். பெரிய தாளில் கட்டம் போட்டு ஒன்பது கேள்வி எழுதினேன். பதிவுத் தபாலுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள், பார்சலில் தராசு வந்தால் எங்கே வைப்பார்கள், தலைகீழாக வைக்காமல் இருப்பார்களா, இப்படி. ஒவ்வோர் இடத்துக்கும் காலையிலும் சாப்பாட்டு நேரத்திலும் மூடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பும் போன் செய்து எத்தனை மணி அடித்த பிறகு எடுக்கிறார்கள் என்று எண்ணினேன். அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட நீங்க இவ்வளவு கட்டம் போடலியே என்று சிரித்தாள். ஏழாவது கேள்வி மட்டும்தான் தீரவில்லை, கடிதம் வந்து எத்தனை நாளில் உரியவருக்குப் போய்ச் சேரும் என்பது. நாலு பேரும் அன்னைக்கே போயிடும் சார் என்றார்கள். நான் நான்கு கட்டத்திலும் 'சொல்கிறார்கள்' என்று பென்சிலில் எழுதினேன்.

போனில் கேட்டது போதாது என்று நேரில் போனேன். முதல் இடத்தில் சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை. இரண்டாவது இடத்தில் போன் எடுக்கும் பையன் வாயில் எதையோ மென்றுகொண்டே வாடிக்கையாளரிடம் பேசினான். மூன்றாவது இடம் மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, போன செவ்வாய்க்கிழமை போனேன். சுத்தமான இடம், வரவேற்பில் ஒரு கெட்டிக்காரப் பெண். கடிதப் பெட்டிகள் இருக்கும் சுவரைக் காட்டினாள், அறுபது சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். நான் எதையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறவன். முப்பத்தேழாம் பெட்டியில் நம் கம்பெனியின் பெயர் இருந்தது, நீ ஆறாவது படிக்கும்போது வைத்த அதே பெயர்.

வேறு யாரோ நம் பெயரைத் திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இது யாரும்மா என்று கேட்டேன். "அவங்க நம்ம பழைய கஸ்டமர் சார், பதினாலு மாசமாச்சு. ஒரு மேடம், வெளிநாட்டுல இருந்துக்கிட்டே எல்லாத்தையும் பாத்துக்கிறாங்க, செம ஷார்ப்பு. இங்க ஒரு பெரியவரு பழைய ரூம்ல இருக்காராம், அவரு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு முக்கியமில்லாத லெட்டரா பாத்து தனியா எடுத்து அவருக்கு அனுப்பிடுவோம். பாவம் சார், அவரு அதுக்கெல்லாம் பதில் எழுதுறாராம்" என்று சொல்லிச் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. நீங்க எந்தக் கம்பெனி சார் என்று கேட்டாள். இனிமேல்தான் ஆரம்பிக்கணும்மா என்றேன். இந்த வயசுலயா, சூப்பர் சார் என்று ஒரு விளம்பரத் தாள் கொடுத்தாள்.

பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்த்ததும் பாத்துட்டீங்களா என்றாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, பாத்துட்டீங்களா என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கும் தெரியும் என்று தெரிந்துகொண்டேன். "நான் அப்பவே அவகிட்ட சொன்னேன், இந்த மனுஷன் போன்ல கேட்டுட்டு விடுற ஆளில்ல, செருப்பு தேய நேர்ல போய் நிப்பாருன்னு, எங்க கேட்டா" என்று உன்மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதாள். மறுநாள் லென்ஸ் மாமாவைக் கேட்டேன். அந்தக் கனத்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். "நீ ஒரு கொட்டேஷன் அனுப்ப பதினோரு நாள் எடுத்துக்கிட்டா காலேஜ்காரன் காத்துக்கிட்டு இருப்பானாடா? பாப்பாதான் இந்த யோசனை சொன்னா. நான் ஒரு வாரம் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான். முப்பத்தொரு வருஷச் சினேகிதம், ஒரு வாரம் வேண்டாம் என்றிருக்கிறான்.

அந்தப் பதினோரு நாள் உண்மை. ஒரு தசமப் புள்ளியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்து அந்தக் கல்லூரியை நான்தான் இழந்தேன், மறுக்கவில்லை. நீங்களெல்லாம் சேர்ந்து எடுத்த இடத்தையும் குறை சொல்ல முடியாது, என் கட்டத்திலும் ஒன்பதுக்கு எட்டு வாங்கி அதுதான் முதலில் நிற்கிறது. என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன், கொஞ்சம் தாமதமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் போன வருஷம் போன் அடிப்பதே இல்லையே, தொழில் படுத்துவிட்டதோ என்று நான் உன்னிடம் புலம்பினேன், எல்லா இடத்துலயும் அப்படித்தான்பா என்று ஆறுதல் சொன்னாய். அப்போதே நம் போன் அங்கே இரண்டாவது மணியில் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. முடிந்துபோன ஒன்றை ஐந்து மாதம் என்னைத் தேர்ந்தெடுக்க வைத்தாய், அறையை நானாகவே விட்டுக் கொடுத்தேன் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. நீ செய்தது தப்பு என்று சொல்லக்கூட எனக்கு முழு நிச்சயம் வரவில்லை. வலிக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் உண்மையைச் சொல். இந்தப் பதினாலு மாதத்தில் லென்ஸ் மாமா கொண்டுவந்து கொடுத்த, கருவி சரியாக வேலை செய்கிறது என்று நாம் கொடுக்கும் இருநூற்றாறு சரிபார்ப்புச் சான்றிதழ்களை நான் வரிவரியாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஓர் ஆஸ்பத்திரித் தராசின் தாளில் ஓர் எண் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினேன், இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன், உனக்கும் சொன்னேன். அந்தத் தாள் திருத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதா, இல்லை நான் பார்ப்பதற்கு முன்பே பழைய எண்ணோடு போய்விட்டதா? லென்ஸ் மாமாவைக் கேட்டால் எல்லாம் போயிருக்குடா என்று ஜன்னலைப் பார்க்கிறான். அங்கே அந்தத் தராசில்தான் மருந்து நிறுக்கிறார்கள், பாப்பா. போகவில்லையென்றால் என் மனசை விட்டுவிடு, முதலில் அவர்களுக்குப் போன் செய். போயிருந்தால் மற்றதையெல்லாம் நான் மறக்கப் பார்க்கிறேன்.

அறையைக் காலி செய்யும் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை, போடுவதாகவும் இல்லை. இதை நான் ஒரே நாளில் முடிவு செய்தேன். நாளையும் வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திறப்பேன். நீ கண் எரிகிறது, கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, உன் வேலைக்கு மேல் எங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்ததால்தான் என்று இப்போது புரிகிறது. இந்தக் கோபத்திலும் அது எனக்குப் பொறுக்கவில்லை. கண் டாக்டரிடம் போ, தள்ளிப் போடாதே. நீயும் உன் வீடும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நான் தினமும் நினைப்பதில் எந்த மாற்றமும் இல்லை, உனக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை உன் வீட்டு முகவரிக்கு அனுப்பவில்லை, மருந்துக் கடைக்கு மேலே முப்பத்தேழாம் பெட்டிக்கு அனுப்புகிறேன். என்றைக்குப் போட்டேன் என்று உறையின்மேல் தேதி எழுதியிருக்கிறேன், உன் கைக்கு என்றைக்கு வந்தது என்று சொன்னால் ஏழாவது கட்டத்தை நிரப்பிவிடுவேன். இதைத் திறந்து படிக்கும் அந்தப் பெண் சங்கடப்பட வேண்டாம், அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. முக்கியமான கடிதம் என்று அவளுக்குத் தோன்றினால் உன்னிடம் வரும். இல்லையென்றால் என்னிடமே திரும்பி வரும். நான் அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா