ஈரத்துணி படக்கூடாத மேசை

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே எனக்கு ஒன்றுமில்லை, அப்பாவும் சாப்பிடுகிறார், தூங்குகிறார், அதற்கு மேல் நல்லதாக எழுதக் கை வரவில்லை.

அப்பா பழைய சாமான் ஏலம் விடுகிற கடையில் வேலை பார்த்தபோது எடுத்து வந்தாரே, தங்கரேக்கு ஒட்டிய கால்களும் பளிங்குப் பலகையுமாக அந்தப் பழைய இங்கிலாந்து மேசை, அதில் ஈரத்துணி பட்டால் தங்கம் கரைந்துவிடும் என்று அவர் போடுகிற கூச்சலை நீ மறந்திருக்க மாட்டாய். என்னைக்கூட நம்பாமல் தானேதான் தூசி தட்டுவார். போன வாரம் உன் அத்தை உதவிக்கு வந்தவள், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பொருள் பளிச்சென்று இருந்தால் தம்பிக்கு மனசு தெளியும் என்று நினைத்து, நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் நான்கு கால்களையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துவிட்டாள். வந்து பார்த்தால் தங்கமெல்லாம் வாளியில், கால்களில் தங்கத்துக்கு அடியில் இருந்த வெறும் செம்மண் பூச்சு. என் தம்பி என்னை உயிரோட விடமாட்டான் என்று அத்தை தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கோபமே வரவில்லை பாப்பா, சந்தோஷமாக இருந்தது, இதற்காவது மனுஷன் கத்துவார், வீடு ரெண்டுபடும் என்று நம்பினேன். நானே அவரை எழுப்பி உட்கார வைத்து, பாருங்க உங்க அக்கா பண்ண வேலையை என்று கோள் சொன்னேன்.

பார்த்தார். பளிங்கைத் தடவி, குளுகுளுன்னு இருக்கு என்றார். சின்ன வயதில் நீ எலுமிச்சைச் சாறு டம்ளரை வைத்து விழுந்த வளையத்தை, என் மக போட்ட முத்திரை என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாரே, அதில் விரல் நின்றது. இதை யாரு பண்ணது என்று கேட்டார். உங்க மக என்றேன், உன் பேரையும் சொன்னேன். எனக்கு அப்படி யாரும் இல்லீங்களே என்றார், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல.

போன நினைவு இனித் திரும்பாது என்று டாக்டர் முன்பே சொன்னார், நான்தான் ஏற்கவில்லை. வருஷக் கடைசி லீவுக்குள் சரியாகிவிடுவார், அப்போது வந்து ஆசைதீரப் பேசலாம் என்று நாம் இருந்ததை விட்டுவிடு. அவருக்கு உன்னைத் தெரியும் என்று நினைத்து வராதே, ஆனால் சீக்கிரம் வா, எனக்குத் தனியாக முடியவில்லை. தங்கம் ஒட்ட ஆள் அனுப்புகிறேன் என்று அத்தையிடம் சொன்னாயாமே, வேண்டாம், இனி யாருக்கு அது.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். உன்னிடம் இருக்கிற வாசல் சாவியை மறக்காமல் எடுத்து வா. டம்ளரை மேசைமேல் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள்.

உன் அம்மா