முப்பத்திரண்டு வினாடி வரைவு

பெப்ரவரி 9, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் வேலிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வெங்காயத்துக்கு இறைக்க இவர் விடியவே போய்விட்டார். இறைப்பு முடிய பள்ளிக்கூடம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. அவருக்காவது செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது.

இன்று:
கொழும்புக் கந்தோருக்கு வார அறிக்கை.
வரைவின் நான்காம் பிரிவில் இரண்டு வசனம் திருத்த.
மோட்டருக்கு மண்ணெண்ணெய்.
தேங்காய்.

குழுத் தலைவி நினைவூட்டல் போட்டிருக்கிறார். நோர்வேக்காரி. நல்ல மனுசி, இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டார். என் வரைவுக்கான இறுதி அழைப்பு, கருத்துச் சொல்லக் கடைசித் தவணை, வெள்ளிக்கிழமையோடு முடிகிறதாம். எனக்குத் தெரியாதா? பத்து நாளாக வேறு என்ன நினைப்பு.

இதுவரை ஆதரவு: இல்லை. எதிர்ப்பு: அதுவும் இல்லை.

இணையத் தொலைபேசி எப்படி மணியடிக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் என்று விதி எழுதுகிற குழு. வாக்கெடுப்புக் கிடையாது. எல்லோரும் வாசிக்கும் மின்னஞ்சல் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் வந்து 'நல்லது' அல்லது 'கூடாது' என்று சொல்ல வேண்டும். அங்கே சொன்னால்தான் சொன்னது. ஒருவரும் வாய் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். நாலு வருசம். சண்டை பிடித்தாவது செத்தால் பரவாயில்லை.

தேங்காய் மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். காலையில் அம்மா அழைப்பு எடுத்தா. கனடாவில் அண்ணையோடு இருக்கிறா. வாட்ஸ்அப் அவவுக்குச் சரிவராது, காதுக்கு வைத்துப் பிடிக்கிற வீட்டு போன்தான் வேண்டும். அங்கே இணையத்தில் கொழுவின போன், இங்கே என் வேலைக் கந்தோர் தந்த இணையப் போன். சாப்பிட்டியா, மழையா, இவர் எப்படி என்று கேட்டா. முழங்கால் நோவைத் தொடங்கினா. அழைப்பு வெட்டுப்பட்டது. திரும்ப எடுத்தா.

"கதைச்சுக்கொண்டிருக்கேக்கை ஏன் பிள்ளை வைச்சனீ?"

நான் வைக்கவில்லை அம்மா. நாலு வருசமாக இதைத்தான் சொல்கிறேன். அண்ணையிடம் சொல்லியிருக்கிறா, அவளுக்கு என்னோடு கதைக்க அலுப்பு, பஞ்சி என்று. கேட்டு அழுதேன். அழுததை இவருக்கும் சொல்லவில்லை.

விசயம் இவ்வளவுதான். ஒருவர் அழைக்கிறார், மற்றவர் போனைத் தூக்குகிறார். தூக்கியவரின் கருவி 'தூக்கிவிட்டேன்' என்று செய்தி அனுப்பும். அழைத்தவரின் கருவி 'தெரிந்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். எங்கள் பக்கத்து இணைப்பில் அந்தப் பதில் வழியில் தொலைந்துபோகிறது. தூக்கிய பக்கம் முப்பத்திரண்டு வினாடி பார்த்திருந்துவிட்டு வெட்டிவிடும். அந்த முப்பத்திரண்டு வினாடியும் இரண்டு பேரும் குரல் கேட்டுக் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இருந்தும் வெட்டும். பதில் வரவில்லையாம்.

என் வரைவு, பதினொரு பக்கம், ஒரே ஒரு விசயம்: குரல் வருகிறதென்றால் வெட்டாதே.

நல்ல இணைப்பு உள்ள ஊர்க்காரருக்கு இது விளங்காது. அவர்களுக்கு ஒருநாளும் வெட்டுப்பட்டதில்லை.

பெப்ரவரி 11, புதன்

காலை ஏழுக்குக் கரன் எடுத்தான். அளவெட்டிக் கரன், கம்பஸில் என் வகுப்பு. இப்போது ரொறன்ரோவில் பெரிய கொம்பனி ஒன்றுக்காக இதே குழுவில் இருக்கிறான். அவன் ஆதரவு என்று ஒரு வரி போட்டால் பின்னால் நாலு பேர் போடுவார்கள். அதைக் கேட்க வாய் வரவில்லை. அவனே சொன்னான்.

"வாணி, உம்மடை டிராப்ற் நல்லது. ஆனா நான் லிஸ்ற்றிலை எழுதேலாது. கொம்பனி விடாது."

ஓம், விளங்குது என்றேன்.

தனியாக மட்டும் நல்லது என்றவர்கள் இத்தோடு மூன்று பேர். பிரேசில்காரர் ஒருவரும் கொரியாக்காரர் ஒருவரும் போன மாதமே தனி மடலில் அருமை என்று எழுதினார்கள். தனி மடல் யாருக்கு வேண்டும்? பட்டியலில் போடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். திரும்பக் கேட்க மனமில்லை. ஒருவரிடம் ஒரு விசயத்தை இரண்டாம் தரம் கேட்பதென்றால் எனக்கு நாக்கு இழுத்துக்கொள்ளும். வளர்ந்த வளர்ப்பு அப்படி.

பிறகு அரை மணி நேரம் ஊர்க்கதை. கதையோடு கதையாக என் வரைவில் இருக்கிற ஒரு ஓட்டையையும் கரனுக்குச் சொன்னேன். குரல் வந்தால் வெட்டாதே என்று விதி எழுதினால், ஒரு கெட்டவன் வெறும் இரைச்சலை அனுப்பிக்கொண்டே அழைப்பை முடியவிடாமல் வைத்திருக்கலாம். ஆயிரம் அழைப்பை அப்படித் திறந்து வைத்தால் ஒரு ஊரின் தொலைபேசி முழுக்க அடைபட்டுப்போகும். போன மாதம்தான் கண்டேன். அதற்கு ஒரு கால எல்லை வைக்கலாம் என்று கொப்பியில் அரைவாசி எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் பரிசோதிக்கவில்லை. அடுத்த பதிப்பில் போட எண்ணம்.

கெட்டிக்காரி என்றான். நெடுநாளைக்குப் பிறகு ஒருவர் என்னை அப்படிச் சொன்னது. மத்தியானம் வரை அந்தச் சந்தோசம் இருந்தது.

பெப்ரவரி 12, வியாழன்

முகில். கொழும்பு மேலாளர் எடுத்தார். கரிசனையான குரல், அதுதான் பயம். வரைவு குழுவைத் தாண்டினால் இந்த வேலையில் நான் தொடரலாமாம். தாண்டாவிட்டால் திங்கள் முதல் வாடிக்கையாளர் பிரிவு. முறைப்பாடு கேட்கிற கதிரை. "நீங்க தப்பா எடுக்க வேணாம்" என்றார். தப்பாக எடுக்கவில்லை. சரியாகத்தான் எடுத்தேன். நாற்பத்திரண்டு வயதில் இனி வேறு எவன் என்னை விதி எழுத வைத்திருப்பான்.

இவரிடம் சொன்னேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சேரும், அந்தப் பிரேசில்காரனுக்கு இன்னொருக்கா எழுதும். கேட்டா என்ன, கடிக்கிறவனோ?"

எழுதினேன். மூன்று வரி எழுத ஒரு மணித்தியாலம். அனுப்பிவிட்டு வெட்கத்தில் அடுப்படிக்குப் போய் ஏற்கனவே கழுவின சட்டியைக் கழுவினேன்.

பின்னேரம் பார்த்தால் பிரேசில்காரர் பட்டியலில்! 'எங்கள் மலைப்பகுதியிலும் இதே பிரச்சினை, முழு ஆதரவு.' கொஞ்ச நேரத்தில் கொரியாக்காரரும். தலைவி உடனே ஒரு வரி: எதிர்ப்பு ஒன்றும் தீர்க்கப்படாமல் நிற்காவிட்டால் நாளையோடு முன்னுக்கு அனுப்புவேன்.

நான் கத்தினதில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. இவர் சண்டிலிப்பாய்ச் சந்திக்குப் போய் ரோல்ஸ் வாங்கிவந்தார். ஆறு ரோல்ஸ். நான் நாலு தின்றேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

விடியத் தூறல். கொம்பியூட்டரைத் திறந்தேன்.

பட்டியலில் ஒரு எதிர்ப்பு. கரன்.

அவன் கொம்பனியின் பெயரில். ஆறு வரி. இரைச்சல் அனுப்பி அழைப்பை முடியவிடாமல் வைத்திருக்கலாம், ஆயிரம் அழைப்பைத் திறந்தால் ஊர் அடைபடும், நான்காம் பிரிவில் இதற்குப் பதில் இல்லை. என் சொல், அப்படியே. நான் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் வாசிக்கிறேன்.

பிழை என்னுடையது. ஓட்டையைக் கண்டவுடன் வரைவை எழுதினவர்தான் பட்டியலில் சொல்ல வேண்டும், அதுதான் அங்கே முறை. நான் அங்கே சொல்லாமல் கரனுக்குச் சொன்னேன். தமிழில் சொன்னால் வீட்டுக்குள் சொன்னது மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. அவனும் அந்தக் குழுவில் ஒரு ஆள் என்பது அரை மணி நேரம் மறந்துபோய்விட்டது. அளவெட்டிக் கோயில் மேளத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு அப்படியே இதையும் கதைத்தேன். விசரி.

ஒன்பது மணி வரை அந்த மடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார், ஆறிவிட்டது. மறுத்து எழுதலாம். நடைமுறையில் இது நடக்காது என்று நாலு பந்தி எழுதி அவர்களைக் களைக்க வைக்கலாம். அங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஓட்டை ஓட்டைதான். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு இல்லை என்று என்னால் எழுத முடியவில்லை. கொப்பியில் இருக்கிற அரைவாசியைப் போடலாமா என்றும் யோசித்தேன். பரிசோதிக்காததை எப்படிப் போடுவது.

எழுதினேன்: அவர் சொல்வது சரி. எனக்கு முன்பே தெரியும், இங்கே சொல்லாதது என் தவறு. இப்போது என்னிடம் முழுமையான பதில் இல்லை.

அனுப்பினேன்.

பின்னேரம் தலைவி: நேர்மைக்கு நன்றி. வரைவு மூடப்படுகிறது.

கொழும்புக்கும் சொல்லியாயிற்று. திங்கள் எட்டரைக்கு வாடிக்கையாளர் பிரிவுக்கு வரட்டாம்.

அழுகை வரவில்லை. சோறு வடித்தேன், உப்புப் போட மறந்தேன், இவர் அதையே இரண்டாம்தரமும் போட்டுச் சாப்பிட்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

பெப்ரவரி 14, சனி

வெயில். காலையில் கரன் எடுத்தான். இரண்டுதரம் அடிக்க விட்டேன். மூன்றாம்தரம் தூக்கினேன்.

நான்தான் கேட்டேன், நான் சொன்னதை ஏன் எடுத்துப் போட்டனீர் என்று.

"வியாழக்கிழமை ரெண்டு பேர் ஆதரிச்சதோடை கொம்பனி முழிச்சிட்டுது. ஒரு எதிர்ப்பு கட்டாயம் போடச் சொன்னவை. நான் பதினொரு பக்கத்தையும் ரெண்டுதரம் பாத்தன் வாணி. வேறை ஓட்டை கிடைக்கேல்லை."

இது புகழ்ச்சியா என்ன இழவு என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அவனாகவே சொன்னான். அவனுக்கு உத்தரவு ஒரு மடல் போடு என்பது மட்டும்தானாம். நான் எப்போதும் போல நீளமாக ஒரு பதில் போடுவேன், தான் அதற்குமேல் வாய் திறக்காமல் விட்டுவிடலாம், தலைவியும் தீர்ந்தது என்று எடுத்து அனுப்பிவிடுவார் என்று நம்பிக்கொண்டு இருந்தானாம். என் பதிலைக் காண, அங்கே இரவு, நித்திரைக்குப் போகாமல் முழித்திருந்தானாம்.

"நீர் ஒத்துக்கொள்ளுவீர் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை."

முழுப் பதில் இல்லையே கரன், கொப்பியில் அரைவாசிதான் கிடந்தது என்றேன்.

"அந்த அரைவாசியைப் போட்டிருந்தாலே போதும் வாணி. அங்கை எல்லாரும் அரைவாசியோடைதான் வாறவை."