கோட்டக்குப்பம் டிக்கெட்

ஜூன் 22, ஞாயிறு

திக்குவாய்ப் பயிற்சி நடத்தும் சேகர் அண்ணன் மீது எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். "நானும் உங்களை மாதிரி திக்குறவன்தாங்க" என்கிறார். ஆனால் மரக்காணம் வகுப்பில் மூன்று வாரமாக ஒரு சொல்லில்கூட அவர் திக்கவில்லை. எங்களை வைத்துப் பேர் வாங்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"வராத வார்த்தைக்குப் பதிலா வேற வார்த்தை போடாதீங்க. திக்கினாலும் அதையே சொல்லுங்க." அவர் வைத்த ஒரே சட்டம் இது.

இன்று வகுப்பு முடிந்து, பாண்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக பஸ் ஏறினேன். முன் சீட்டில் அவர். கண்டக்டர் வந்ததும், "கோட்டக்குப்பம் ஒண்ணு" என்றார், பளிச்சென்று. அடுத்து நான். உப்பு வாரி வெடித்த கையில் சில்லறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பா... பா..." என்று முட்டி மோதினேன்.

"சீக்கிரம் சொல்லேம்பா!"

"பாண்டி."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சேகர் அண்ணன் மட்டும் திரும்பவில்லை.

பொம்மையார்பாளையத்தில் அவர் இறங்கிவிட்டார். அதுதான் அவர் ஊர். கோட்டக்குப்பம் அதற்கு அடுத்தது.

சொந்த ஊர்ப் பெயர் வாயில் வராமல், வருகிற ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கும் வேலையைப் பத்து வருஷம் செய்தவன் நான். எனக்குத் தெரியாதா? அவர் திக்குகிறவர்தான்.

இப்போது சந்தேகம் அந்தச் சட்டத்தின் மேல் திரும்பிவிட்டது. அவராலேயே முடியவில்லையே.

ஆனால் அதை நம்பித்தானே இன்று நான் பாண்டி என்று சொல்லி முடித்தேன்?