வாளி மேளத்தில் நடந்த கல்யாணம்

பிரியமான என் வீட்டுக்காரருக்கு,

மேலே சாமிகிட்ட சௌக்கியமா? இங்கே நம் மகள் செல்வி, கூலிம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், உங்கள் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு வீட்டை ரெண்டாக்குகிறாள். காலடியில் ஒரு பெட்டி. கொஞ்சம் வாசித்துவிட்டு அதை மிதித்தால், வாசித்தது தானாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதன்மேல் உறுமியைத் தட்டுகிறாள், ஜால்ராவைச் சேர்க்கிறாள். ஒருத்தியே ஒரு கோஷ்டியாகிவிடுகிறாள்.

"இதுக்குப் பேரு லூப்பும்மா. புதுசு," என்றாள்.

"என்ன புதுசு லா? உங்கப்பா எங்க கல்யாணத்துலயே பண்ணிட்டாரு," என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களே சொல்லுங்கள், பொய்யா?

அது வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். ரப்பர் எஸ்டேட்டைச் சுற்றி முள்கம்பி. மேளக்காரர்களிடம் பாஸ் இல்லையென்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேளமில்லாமல் தாலி ஏறக்கூடாது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் அத்தை ஒரே பிடிவாதம். உங்கள் ஆட்களுக்கோ அன்று சாயங்காலம் வரைதான் பாஸ். தள்ளிப்போனால் மறுபடி எப்போது உள்ளே விடுவார்களோ, அதற்குள் என்னை வேறு யாருக்காவது பேசி முடித்துவிடுவார்களோ என்று நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மாலையும் கழுத்துமாக எழுந்துபோய், ரப்பர் பால் வாளிகளைக் கொண்டுவரச் சொன்னீர்கள். பால்வெட்டுப் பெண்களில் ஒருத்திக்கு ஒரு தட்டு, அடுத்தவளுக்கு வேறு தட்டு சொல்லிக்கொடுத்தீர்கள். "நான் சொல்ற வரைக்கும் இதையே தட்டுங்க. மாத்தக்கூடாது, நிறுத்தக்கூடாது." அதன்மேல் நீங்கள் ஆர்மோனியம் வாசிக்க, அத்தையே தலையாட்டிவிட்டார்.

முகூர்த்தம் வந்தது. பூசாரி விரலை ஆட்டி ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார். பால்வெட்டுப் பெண்கள் சொன்ன சொல் மாறாதவர்கள், ஒருத்தியும் வேகமெடுக்கவில்லை. நீங்களும் மூன்று முடிச்சையும் ஆற அமரத்தான் போட்டீர்கள்.

பந்தி ஆரம்பித்தும் வாளிச் சத்தம் ஓயவில்லை. மாப்பிள்ளை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார் என்று லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. உங்களிடம் இத்தனை வருடம் சொல்லாதது ஒன்று உண்டு. நிறுத்தலாமா என்று அவர்கள் கண்ணாலேயே என்னைக் கேட்டார்கள். நான்தான் வேண்டாமென்று தலையசைத்தேன். சத்தம் நின்றால் பந்திக்கென்று உங்களை என் பக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போய்விடுவார்களே.

ஞாயிற்றுக்கிழமை கரங்கான் ஊர்க் கோயில் மண்டபத்தில் செல்வி வாசிக்கிறாள். முன்வரிசையில் இருப்பேன். முடிக்கட்டுமா என்று அவள் என்னைப் பார்த்தால், இந்த முறையும் வேண்டாமென்றுதான் தலையசைப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி,
முனியம்மா