நியூட்ரலில் இறங்குகிறவருக்குப் புது காலிப்பர்

அன்புள்ள மகன் நாகராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், தோட்டம் சுகம், கார் மட்டும் சுகமில்லை. மெல்போர்னில் நீயும் மருமகள் தேவயானியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் காரில் பிரேக் பிடிக்குமே. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்பாய். உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது நான் என்னத்தைப் பேச.

விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். சனிக்கிழமைதோறும் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டுக் கம்பம்மெட்டு வழியாக இறங்கும்போது உன் அப்பா பெட்ரோல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு மலை முழுக்கப் பிரேக்கிலேயே வருவார். பாதி வழியில் சக்கரம் புகையும். உடனே ஓரமாக நிறுத்தி, நான் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றுவார், அது சீறும், பாரு எப்பிடிக் குளுந்துருச்சுன்னு என்று சிரிப்பு வேறு. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் இறங்குகிறார்கள், அதனால் இதற்கு அனுபவம் என்று பெயர். இத்தனை வருடம் இப்படிக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி, சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் துருவேறி இறுகிப்போனது. மெக்கானிக் இம்மானுவேல் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ள பிஸ்டன் அரிச்சுப்போச்சுண்ணே, ரெண்டு பக்கமும் புதுசாப் போட்ருவோம் என்றான். அப்பாவுக்கு மனம் வரவில்லை, உனக்குப் போன் போட்டார். நீயும் அங்கே இருந்துகொண்டே, புதுசெல்லாம் வேண்டாம்ப்பா, ரப்பர் சீல் கிட் மாத்தினாப் போதும், என் காருக்கு நானே மாத்தினேன் என்று வீடியோவும் அனுப்பிவைத்தாய். உன் கார் எந்த மலையில் ஏறி எந்த மலையில் இறங்குகிறது ராஜா? கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறது.

மறுநாளே வாசலில் சாக்கை விரித்தாகிவிட்டது. துருவை எடுக்கிறேன் என்று பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அதன் பளபளப்பே போய்விட்டது. பிறகு பிரேக் குழாயில் புகுந்த ஏர் எடுக்க வேண்டுமாம், என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து மிதி, பிடி, விடாதே என்று அதட்டல். அடுப்பில் குழம்பு கருகியதுதான் மிச்சம். எல்லாம் முடிந்ததும் எம்மகன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

போன சனிக்கிழமை இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தால் மிதிகட்டை தரையோடு போய்விட்டது, தேய்த்த பிஸ்டன் வழியாகப் பிரேக் எண்ணெய் கசிந்தே தீர்ந்திருக்கிறது. எதிரே ஆளேற்றிய ஜீப் வருகிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியை மலைப்பக்கம் ஒடித்தார், என் பக்கத்துக் கதவு பாறையில் உரசிக்கொண்டே போய் ஓடையில் சக்கரம் இறங்கி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் நான் பயந்துவிட்டேன் நாகு. உன் அப்பா அப்போதும் என்ன சொன்னார் தெரியுமா, வேற கிட்டு வாங்கிப் போடுவோம், எதுக்கும் நாகுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்.

நான் யாரையும் கேட்கவில்லை. இம்மானுவேலைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் புது காலிப்பர் போடச் சொல்லிவிட்டேன், போட்டும் விட்டான். அண்ணன் கேட்டாகன்னா என்னக்கா சொல்ல என்று முழித்தான், கதவு நெளிவை எடுப்பதாகச் சொல் என்றேன், அதையும் எடுக்கத்தான் செய்கிறான், பொய்யில்லை. நான் போட்டது என்று தெரிந்தால் உன் அப்பா கழற்றித் திருப்பிக் கொடுக்கச் சொல்வார். வண்டி பட்டறையில்தான் நிற்கிறது, நீ சொன்ன பிறகு போட்டதாக இம்மானுவேல் சொல்லிக்கொள்வான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் உன்னிடம் கேட்கும்போது, புதுசாப் போட்ருங்கப்பா என்று நீயாகச் சொல்வதுபோலச் சொல்லிவிடு. செகண்ட் கியரில் இறங்கவும் சொல். நான் சொன்னால் பொம்பளைக்கு என்ன தெரியும், நீ சொன்னால் இன்ஜினியர் சொல்கிறான். நீ படித்தது வங்கிக் கணக்கியல் என்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம்.

கௌமாரியம்மன் உங்கள் இரண்டு பேரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும், தேவயானியை வேளைக்குச் சாப்பிடச் சொல். இதை இம்மானுவேல் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நீ மறந்தாலும் சனிக்கிழமை அவர் பக்கத்தில் உட்காரப்போவது நான்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
சொர்ணலதா
சுருளிப்பட்டி