இக்கியின் கடைசிச் சடை

ஹகுபு கிராமம், நியுவே தீவு

அன்பு மகள் திவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி இக்கியும் நலம், புயலுக்குப் பின் நம் கூரையும் நலம். ஆக்லாந்துக் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருக்க ஆண்டவர் அருளட்டும்.

போனில் நீ அழுததில் பாதிதான் புரிந்தது. "தம்பி முடிவெட்டு விழாவுக்கு வந்தவள உன் வாயாலயே திருப்பி அனுப்பிட்டியேம்மா" என்றாய். ஆமாம், அனுப்பினேன். அன்று விமான நிலைய வானிலை அறையில் என் முறை. காற்றுத் திசை காட்டும் துணிப்பை கிழிந்து தொங்கியது, ஓடுபாதையின் அந்தக் கோடியில் நிற்கும் தென்னைகள் மழையில் தெரியவே இல்லை. உன்னை அழைத்துப்போக லாரியோடு வந்த லாகி மாமா கதவில் நின்றுகொண்டு, "காத்த கொஞ்சம் கொறச்சுச் சொல்லு தங்கச்சி, வர்றது உன் பொண்ணு" என்றார். வருவது என் பெண் என்பதால் காற்று குறைந்துவிடுமா? கண்டதைக் கண்டபடி விமானிக்குச் சொன்னேன். மேகத்துக்குள் உன் விமானத்தின் இரைச்சல் ஒருமுறை தலைக்கு மேல் வந்து, பக்கத்து நாடான டோங்கா பக்கமாகத் தேய்ந்து போனது. அதையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதி வைத்தேன். அதே காற்று நாளைக்கு அடித்தாலும் அதையேதான் சொல்வேன்.

பன்றியும் சேம்பும் மண்ணில் தோண்டிய குழி அடுப்புக்குள் போயாகிவிட்டது, விழாவைத் தள்ளிப்போட வழியில்லை. பந்தியில் உன் ஹீனா அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி, "நாலு பேர் முன்னால வாயே தொறக்கமாட்டா, தொறந்தா ஒரு விமானமே திரும்பி ஓடுது" என்றாள். கூடமே சிரித்தது. நம் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பட்டம் வாங்கி வந்த நாளில்கூடத் தலை நிமிரவில்லை, இந்த முறை நிமிர்ந்து நானும் சிரித்தேன்.

பிறந்ததிலிருந்து கத்தரி படாத இக்கியின் முடியைச் சடை சடையாகப் பின்னி ரிப்பன் கட்டியிருந்தோம். உனக்கென்று வைத்திருந்த முதல் சடையைப் பெரியவர்கள் மாமாவை வெட்டச் சொன்னார்கள். சொந்தங்கள் ஆளுக்கொன்றாக வெட்டியபின் காதோரம் ஒன்றே மிச்சம். பாதிரியார் கத்தரியோடு குனிந்ததும் இக்கி அதைக் கையால் பொத்திக்கொண்டு, "இது எங்க அக்காவோடது, தொட்டா கடிச்சிருவேன்" என்றான். அவர் விரலைப் பத்திரமாக எடுத்துக்கொண்டார். இப்போது அந்த ஒற்றைச் சடையோடுதான் பள்ளிக்குப் போகிறான். எலிவால் என்று கேலி செய்கிறார்கள், அவன் ஆட்டிக் காட்டிவிட்டுப் போகிறான்.

விடுப்புக் கிடைத்ததும் புறப்படு. ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. வானம் தெளிவாக இருந்தால் அதையும் விமானிக்கு நானே சொல்வேன். இல்லையென்றால் இன்னொரு தடவை திரும்பிப் போ, சடை இன்னும் ஒரு விரல் நீளும், அவ்வளவுதான். போகும்போதும் வரும்போதும் கடவுள் உன் கூட இருப்பார். கத்தரியை அப்பா சாணை பிடித்து வைத்துவிட்டார், வேறு யாரையும் தொட விடுவதில்லை.

உன் அம்மா
சிஃபா