வளையம் பார்த்தவர்கள்

டிசம்பர் 17, சனி

காலையில் தூறல், பிறகு வெயில். திங்கள் போயா லீவு (ஞாயிறு லீவு போய் இப்போது நிலாக் கணக்கில் வாரம் ஒரு போயா). அன்றுதான் வானியல் கழகத்தின் வருட விருந்து, அலுவிகாரைப் பள்ளிக்கூட மண்டபத்தில். சூரிய குடும்பம் பற்றிய பேச்சு இம்முறை என் தலையில், பிறகு தொலைகாட்டியில் சனி. போயா புத்த சமயப் புனித நாள், இறைச்சிக்கடை பூட்டு. கோழிக்கு நாளைக்கே சொல்ல வேண்டும். பெற்றோல்மெக்ஸ் விளக்குக்கு மென்டில் வலை இரண்டு. துணிக்கடை ஹனிபாவுக்கு நோன்பு, ஆகவே பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகே சாப்பாடு.

என் மனைவி ரோசலின்: "சனியப் பாக்கவா இத்தன பேரக் கூப்பிட்டிருக்கீங்க? அது தானா தேடி வராதா?"

ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும்போது வலது கண்ணில் மறுபடி அந்தப் புகை. அப்பாவுக்கும் என் வயதில் இப்படித்தான் தொடங்கியது. மூன்று வருடத்தில் முழு இருட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை.

டிசம்பர் 19, திங்கள், போயா

வானம் சுத்தம். அரை நிலாப் போயா. ஹனிபா வீட்டு நோன்புக் கஞ்சி எல்லோருக்கும். பிறகு மஞ்சள் சோறு, கோழி, கத்தரிக்காய் மோஜு. கோழியில் உப்புக் கூட.

பேச்சு நன்றாகவே போனது. கரும்பலகையில் சனியை வளையத்தோடு பெரிதாக வரைந்தேன். நான் அதைக் கடைசியாகப் பார்த்து நாலைந்து வருடம். "இன்றைக்கு உங்கள் கண்ணாலேயே பார்க்கப் போகிறீர்கள்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வெளியே தொலைகாட்டி (சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போனது). முதலில் நான் பார்த்தேன். உருண்டை மட்டும். வளையம் இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன். இடது கண்ணால் பார்த்தேன். இல்லை. அப்படியானால் இடதும் போகிறது.

விலகி அடுத்தவருக்கு இடம் விட்டேன். செயலாளர் குணதாச மாஸ்டர் குனிந்தார். "ஆ, வளையம். ஹொந்தாய், நல்லாருக்கு." ஹனிபா: "தெரியுது அண்ணன். மாஷா அல்லாஹ்." ரோசலின்: "அழகா இருக்குங்க." வரிசையில் வந்த எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும் இல்லை.

வழி முழுக்க ரோசலின் பேசிக்கொண்டே வந்தாள். எதுவும் காதில் ஏறவில்லை.

டிசம்பர் 20, செவ்வாய்

மழை. என்னை மருந்து மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லப் பெரிய டொக்டரின் அறை வரை போனேன். ஆள் இல்லை. பிழையான மருந்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால்?

பின்னேரம் ஹனிபா வந்தான். உட்காரவில்லை.

"அண்ணன், நோன்பு மாசத்துல பொய் சொல்லிட்டேன். ராவெல்லாம் தூக்கமில்ல. வளையம் ஒன்னும் தெரியல்ல எனக்கு."

"பிறகு ஏன் தெரியுதுன்னு சொன்ன?"

"நீங்க அவ்வளவு ஆசையாப் படம் போட்டுக் காட்டினீங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது? எனக்குப் பாக்கத் தெரியல்லன்னு நெனச்சேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 21, புதன்

குணதாச மாஸ்டர் புத்தகத்தோடு சைக்கிளில் வந்தார். பதினைந்து வருடத்துக்கு ஒரு தரம் சனியின் வளையம் விளிம்பு மட்டும் தெரியும்படி நம் பக்கம் திரும்புமாம். அப்போது பெரிய தொலைகாட்டிக்கே அகப்படாது. இது அந்த வருடம். பேச வந்தவன் நான், அதைப் பார்த்து வைக்கவில்லை. அவரும் பார்க்காமலேதான் ஹொந்தாய் சொல்லியிருக்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தேநீர் குடித்தார்.

அவர் போனதும் ரோசலினைக் கேட்டேன். அவளும் பார்க்கவில்லை.

வளையம் இல்லாதது சரி. வலது கண்ணின் புகை அப்படியே இருக்கிறது. அதையும் அப்பாவின் கதையையும் இன்றுதான் அவளிடம் சொன்னேன். கண்டிக்குப் போய்க் காட்டலாம் என்றேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும். சோத்துல கல்லு கெடந்தாலும் பொறுக்காமத் தின்னுறீங்க. அதான் கொஞ்ச நாளா ரெண்டு தரம் அரிச்சுப் போடுறேன்."